ஐந்து வக்தும் ஒரு சிறு நோட்டும்

 

 

"நேரமே கிடைக்கவில்லை, ஹள்ரத்" என்னும் வார்த்தையைப் பள்ளிவாசல் இமாம்களைப் போல் அடிக்கடி கேட்பவர்கள் வேறு எவரும் இருக்க மாட்டார்கள். ஜமாஅத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் அதே பதில். பிள்ளையை மக்தப் மதரஸாவுக்கு ஏன் அனுப்பவில்லை என்றால் அதே பதில். நோயுற்றிருக்கும் சிறிய தந்தையைப் பார்த்தீர்களா என்றாலும் அதே பதில்தான். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இரவில் படுக்கையில் சாயும்போது, இன்று யாருக்கு என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை.

ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களில் பெரும்பாலோர் நஷ்டமடைந்துவிடுகிறார்கள் என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஹதீஸில் வரும் 'மஃக்பூன்' என்னும் அரபுச் சொல்லைக் கவனியுங்கள். அது கடைவீதிச் சொல். கொடுக்கல் வாங்கலில் பொருளின் மதிப்பை அறியாமல் குறைந்த விலைக்கு விற்றுவிட்டோ, கூடிய விலைக்கு வாங்கிவிட்டோ ஏமாந்து நிற்பவனுக்குத்தான் மஃக்பூன் என்று பெயர். அவனிடமிருந்து யாரும் எதையும் திருடவில்லை. அவனே தன் கையால் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். வியாபாரிகள் நிறைந்த நம் சமுதாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறு வேண்டுமா?

சரி, இதற்கு என்ன வழி? நேரத்தை நிர்வகிக்கும் கலை பற்றி எத்தனையோ புத்தகங்கள் கடைகளில் கிடைக்கின்றன. தலையணை அளவுக்கு டைரிகளும் விற்கின்றன. ஜனவரி முதல் வாரத்தில் வாங்கிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டுப் பிப்ரவரியில் மறந்துபோகும் டைரிகள் எத்தனை வீடுகளில் கிடக்கின்றன! அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் ஒரு முஸ்லிமுக்கு அந்தச் சட்டகத்தை வெளியே போய் வாங்க வேண்டிய தேவையில்லை. அவனுடைய நாளுக்கு ஐந்து முளைகளை அல்லாஹ்வே அடித்துக் கொடுத்திருக்கிறான்.

தொழுகை, நம்பிக்கையாளர்கள் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அன்னிஸா அத்தியாயத்தின் 103ஆவது வசனம் அறிவிக்கிறது. அதற்கு முந்தைய வசனம் எதைப் பற்றிப் பேசுகிறது தெரியுமா? போர்க்களத்தில், எதிரி எதிரே நிற்கும் வேளையில், ஒரு பிரிவினர் தொழ மற்றொரு பிரிவினர் காவல் நிற்கும் அச்சநேரத் தொழுகையைப் பற்றி. உயிருக்கு ஆபத்தான நிலையிலும் வக்து தவறக்கூடாது என்று பழக்கப்பட்ட சமுதாயம் இது. அந்தச் சமுதாயத்தின் பிள்ளைகள் நேரக் கணக்குத் தெரியாதவர்கள் என்று பெயர் எடுப்பது எவ்வளவு வேதனைக்குரியது!

கடிகார மணியைக் காட்டிலும் வக்து நமக்கு ஏற்ற முளையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 'காலை பத்தரை மணிக்கு வங்கிக்குப் போக வேண்டும்' என்று எழுதி வைக்கிறோம். பத்தரை மணி வரும், சத்தமில்லாமல் போய்விடும். யாரும் நம்மைத் தட்டி எழுப்ப மாட்டார்கள். ஆனால் லுஹர் அப்படி வராது. பாங்கு சொல்லிக்கொண்டு வரும். கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு எழ வேண்டியிருக்கும். ஒளூச் செய்ய வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், ஸலாம் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் மனம் ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறது. 'லுஹர் தொழுதுவிட்டு நேரே வங்கி' என்று ஒரு வேலையைத் தொழுகையோடு முடிச்சுப் போட்டுவிட்டால், தொழுகையே அதை நினைவூட்டிவிடும். ஜுமுஆ அத்தியாயமும் இந்த முறையைத்தான் கற்றுத் தருகிறது. அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விடுங்கள் என்கிறது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்கிறது. தொழுகைக்கு முன் ஒரு வேலை, பின் ஒரு வேலை.

வக்து இடம் மாறிக்கொண்டே இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சென்னையில் நவம்பர் மாதத்தில் 5.40 அளவில் வந்துவிடும் மஃரிப், ஜூலை மாதத்தில் 6.40 அளவுக்குப் போய்விடுகிறது. ஃபஜ்ரும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பின் நகர்கிறது. பள்ளிவாசல் சுவரில் வரிசையாகத் தொங்கும் கடிகார முகங்களின் முட்களை முஅத்தின் அவ்வப்போது திருப்பி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூரியனோடு சேர்ந்து நம் நாளும் கொஞ்சம் நீண்டு கொஞ்சம் சுருங்கினால் நல்லதுதானே! வெளிச்சம் உள்ள வேலையை வெளிச்சத்திலும், வீட்டு வேலையை விளக்கிலும் செய்த நம் முன்னோர் இப்படித்தான் வாழ்ந்தார்கள்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். நம்முடைய நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குவதில்லை. மஃரிபில் தொடங்குகிறது. பிறை பார்த்த இரவிலிருந்தே ரமளான் ஆரம்பமாகிறது. வியாழன் மாலை சூரியன் மறைந்தவுடன் 'வெள்ளி இரவு' வந்துவிட்டது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே நாளைய நாளுக்கான திட்டத்தை நாளைக் காலையில் அவசரமாக யோசிக்கக் கூடாது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கிறதல்லவா? அதில் ஐந்து நிமிடம் போதும். புதிய நாள் பிறந்த கையோடு அதை எழுதி வைத்துவிடலாம்.

எப்படி எழுதுவது? சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு நோட்டு. மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண நோட்டே போதுமானது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மஃரிப், இஷா, ஃபஜ்ர், லுஹர், அஸர் என்று ஐந்து வக்துகளின் பெயரை இடம் விட்டு எழுதுங்கள். ஒவ்வொரு வக்துக்கும் கீழே உள்ள இடத்தில், அந்தத் தொழுகைக்கும் அடுத்த தொழுகைக்கும் இடையே செய்ய வேண்டியதை எழுதுங்கள். கனமான வேலை என்றால் ஒன்று. சில்லறை வேலை என்றால் இரண்டு. அதற்கு மேல் எழுதாதீர்கள். நாம் எழுதாத வேலைகள், எதிர்பாராமல் வரும் விருந்தாளி, மின்தடை, பிள்ளைக்குக் காய்ச்சல் என எத்தனையோ அந்த இடத்தில் வந்து உட்காரும். அவற்றுக்கும் இடம் வேண்டுமே!

கைபேசியிலேயே இதற்கெல்லாம் வசதி இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். முடிந்தவர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அடுத்த வேலை என்ன என்று பார்க்கக் கைபேசியைத் திறந்தவர், அரை மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பிலிருந்து தலையை நிமிர்த்துவதைத்தான் நாம் அன்றாடம் காண்கிறோம். நோட்டுக்குள் அந்த வாசல் இல்லை.

இதுவரை சொன்னது ஏற்பாடு. இனிச் சொல்லப் போவதுதான் முக்கியமானது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, வலது ஓரத்தில், அது யாருடைய ஹக்கு என்று ஒரு சொல் எழுதுங்கள். மனைவி, தாய், முதலாளி, வாடிக்கையாளர், கடன் கொடுத்தவர், பக்கத்து வீட்டார், என் உடம்பு, அல்லாஹ். இதை எழுதாமல் வேலைகளை மட்டும் எழுதினால் அது வெறும் கடைக்கணக்கு.

நமது மஹல்லாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் இந்த முறையைச் சில மாதங்கள் கடைப்பிடித்தார். ஒருநாள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முடியாத வேலையை மறுநாள் பக்கத்துக்கு மாற்றி எழுதுவது அவர் வழக்கம். அப்படி மாற்றப்பட்டவற்றை மட்டும் அவர் அடிக்கோடிட்டிருந்தார். சரக்கு அனுப்புபவருக்குப் பணம் கட்டுவது ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. கணக்காளரைப் பார்ப்பது மாற்றப்படவில்லை. 'உம்மாவோடு உட்கார வேண்டும்' என்று எழுதியது மட்டும் ஒன்பது நாட்கள் பக்கம் பக்கமாக நகர்ந்துகொண்டே போயிருந்தது. உம்மா அடுத்த தெருவில் தம்பி வீட்டில் இருக்கிறார். பொருளும் மருந்தும் குறைவில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. குறைவு இதில் மட்டும்தான். "ஹள்ரத், சத்தம் போட்டுக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். கேட்காதவர்கள்தான் பாக்கி" என்றார் அவர்.

அந்த வார்த்தையை நான் பல நாட்கள் யோசித்தேன். நம்மில் யாருடைய நோட்டைத் திறந்தாலும் இதுதான் தெரியும். தொலைபேசியில் அதட்டுகிறவருக்கு நம் நேரம் முதலில் போகிறது. வாசலில் வந்து நிற்கிறவருக்கு அடுத்துப் போகிறது. தாய் அதட்டுவதில்லை. மனைவி சில காலம் கேட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறாள். பிள்ளைகள் வளர்ந்துவிடுகின்றன. உடம்பு நெடுநாள் பொறுத்துக்கொண்டு ஒரேயடியாகக் கேட்கிறது. குர்ஆன் அலமாரியில் மௌனமாக இருக்கிறது. துணிக்கடைச் சகோதரர் செய்தது பெரிய காரியமன்று. மஃரிபுக்குப் பின்தான் கடையில் கூட்டம். அஸருக்குப் பின் சற்று ஓய்வு. எனவே உம்மாவை அஸரோடு முடிச்சுப் போட்டார். பள்ளியிலிருந்து நேரே அங்கே போய் இருபது நிமிடம் இருந்துவிட்டுக் கடைக்குப் போகிறார்.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் தம் சகோதரராக ஆக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்ற நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. வீட்டுப் பெண்மணி தம்மைப் பேணாத தோற்றத்தில் இருப்பதைக் கண்டு ஸல்மான் (ரலி) காரணம் கேட்கிறார்கள். உங்கள் சகோதரருக்கு உலகத் தேவையே இல்லை என்று அந்த அம்மையார் கூறுகிறார்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரலி) அவரை நோன்பை விட்டுத் தம்முடன் உண்ணச் செய்கிறார்கள். இரவில் அவர் எழும்போதெல்லாம் உறங்கச் சொல்கிறார்கள். இரவின் கடைசிப் பகுதி வந்ததும் இப்போது எழுவோம் என்று இருவரும் தொழுகிறார்கள். பின்பு, இறைவனுக்கும் உமக்கும் உம் குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடும் என்று அறிவுரை கூறுகிறார்கள். நபி (ஸல்) அவர்களிடம் இது சொல்லப்பட்டபோது, ஸல்மான் உண்மையே உரைத்தார் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே அபுத்தர்தா (ரலி) அவர்கள் நேரத்தை வீணாக்கியவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். இபாதத்தில்தான் செலவிட்டார்கள். அப்படியிருந்தும் நேரம் பங்கிடப்பட வேண்டியிருந்தது. இபாதத்துக்கே இந்த நிலை என்றால், நாம் வியாபாரத்தையும் அலுவலகத்தையும் காரணம் காட்டி வீட்டாரின் பங்கை எடுத்துக்கொள்வதை என்னவென்று சொல்வது?

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீன் நூலில் இதற்கென்றே ஒரு பாகம் ஒதுக்கி, பகலை ஏழு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உரிய அமலை எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது நம்மால் ஆகுமா என்று மலைப்புத் தோன்றும். ஆனால் அதே இடத்தில், இந்த ஏற்பாடு எல்லோருக்கும் ஒன்றுபோல் ஆகாது என்றும் இமாம் விளக்குகிறார்கள். ஆலிமுக்கு ஒருவிதம், மாணவருக்கு ஒருவிதம், மக்களின் பொறுப்பைச் சுமப்பவருக்கு ஒருவிதம். உழைத்துக் குடும்பத்தைக் காக்க வேண்டியவர், குடும்பத்தைத் தவிக்கவிட்டு நேரம் முழுவதையும் இபாதத்தில் மூழ்கச் செய்வதற்கு அனுமதி இல்லை. உழைக்கும் நேரத்தில் கடைத்தெருவில் இருந்து சம்பாதிப்பதே அவருடைய அமல், அத்துடன் அல்லாஹ்வின் நினைவை மறவாதிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கருத்து. தோல் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவரும், ஆட்டோ ஓட்டுபவரும், இரவுப் பணியில் உள்ள செவிலியரும் இதைக் கேட்டு நிம்மதி கொள்ளலாம். மற்றவருடைய பக்கத்தைப் பார்த்து உங்கள் பக்கத்தை எழுதாதீர்கள்.

வீட்டில் இருக்கும் தாய்மார்களின் நேரம்தான் மிக அதிகமாகத் துண்டாடப்படுகிறது. அவர்களுக்கென்று எழுதிய வேலையின் நடுவே நான்கு பேர் அழைக்கிறார்கள். அந்நூர் அத்தியாயத்தின் 58ஆவது வசனம் ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வின்போது, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டுப் பணியாளர்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஒரு வீட்டுக்குள், யாரும் குறுக்கிடக் கூடாத நேரம் என்று ஒன்று இருக்கிறது என்பதைக் குர்ஆன் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. அந்த ஒழுங்கு இருந்த வீட்டில், லுஹருக்குப் பின் உம்மா அரை மணி நேரம் சாய்ந்திருந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். சகோதரர்களே, உங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரம் யாருடைய நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது?

வெளிநாட்டில் இருக்கும் தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. சவூதியில் இஷா தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அறையில் ஓய்வாக அமர்ந்து வீட்டை அழைக்கிறீர்கள். அங்கே இரவு 8.30 மணி என்றால் இங்கே 11 மணி. பிள்ளைகள் உறங்கிவிட்டன. மனைவி தூக்கத்தோடு பேசுகிறார். அங்கே அஸர் முடிந்த கையோடு பத்து நிமிடம் கிடைக்குமானால் பாருங்கள். இங்கே அது மஃரிபை ஒட்டிய நேரம். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நடந்ததையெல்லாம் சொல்ல வாய் நிறைய வைத்துக்கொண்டிருக்கும். எல்லோருடைய பணியும் இதற்கு இடம் தராது என்பது எனக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள் இடம் தந்தாலும் அந்த நாளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை என்பது ஹதீஸ்களில் வந்திருக்கிறது. காரணம் தெளிவு. ஃபஜ்ரை இழப்பது காலையில் நடப்பதன்று. முந்தைய இரவு 12 மணிக்கே அது நடந்துவிடுகிறது. காலை நேரத்தில் இந்தச் சமுதாயத்துக்கு பரக்கத் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். அதை அறிவித்த ஸக்ர் அல்ஃகாமிதி (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. தம் சரக்குகளை நாளின் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவார்கள், அதனால் செல்வம் பெருகியது என்று அபூதாவூத், திர்மிதி நூல்களில் காணப்படுகிறது. ஆகவே அந்தப் பக்கத்தில் மிகக் கடினமான வேலையை, தள்ளிப்போட மனம் தேடும் வேலையை, ஃபஜ்ருக்குக் கீழே எழுதுங்கள்.

எழுதியவை எல்லாம் நடக்குமா? நடக்காது. இரண்டாம் வாரத்தில் பலரும் நோட்டை மூடிவிடுவது இதனால்தான். ஒருநாள் தவறியவுடன், எல்லாம் போயிற்று என்று ஷைத்தான் சொல்கிறான். ஆனால் இரவில் வழக்கமாக ஓதும் பகுதியை உறக்கத்தால் தவறவிட்டவர், ஃபஜ்ருக்கும் லுஹருக்கும் இடையே அதை ஓதிவிட்டால், இரவிலேயே ஓதியதாக எழுதப்படும் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தவறியதற்கு இடம் மாற்றிக் கொடுக்கும் மார்க்கம் இது. எனவே தவறிய வேலையை அடுத்த வக்துக்குக் கீழே நகர்த்துங்கள். மூன்று முறை நகர்ந்துவிட்டால் மட்டும் நின்று யோசியுங்கள். அது தேவையற்ற வேலையாக இருந்தால் அடித்துவிடுங்கள். உம்முடைய சக்திக்கு மீறியதாக இருந்தால் இன்னொருவரின் உதவியைக் கேளுங்கள். கேட்காதவரின் ஹக்காக இருந்தால், அன்றைக்கே முதல் வேலையாக ஆக்குங்கள். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. ஐந்து வரிகள் எழுதும் பழக்கத்துக்கும் இது பொருந்தும்.

பக்கத்தின் மேலே 'இன்ஷா அல்லாஹ்' என்று எழுத மறவாதீர்கள். நாளைக்கு இதைச் செய்வேன் என்று அல்லாஹ்வின் நாட்டத்தைக் குறிப்பிடாமல் கூறாதிருக்குமாறு அல்கஹ்ஃபு அத்தியாயம் நபி (ஸல்) அவர்களுக்கே கற்பிக்கிறது. நம்மிடையே இந்த வார்த்தை, செய்யப்போவதில்லை என்பதற்கு மரியாதையான மறுபெயராக ஆகிவிட்டது. 'இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்' என்றால் கேட்பவர் நம்பிக்கை இழந்து எழுந்துவிடுகிறார். எழுதி, முடிச்சுப் போட்டு, முயற்சியைத் தயார் செய்தவன் கூறும்போதுதான் அந்த வார்த்தை தன் பொருளைப் பெறுகிறது.

இறுதியாக ஒன்று. ஜனாஸாத் தொழுகைக்கு முன், மய்யித்துக்கு யாரிடமாவது கடன் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவியுங்கள் என்று அறிவிக்கிறோம். ஏன் அறிவிக்க வேண்டியிருக்கிறது? அவர் எழுதி வைக்கவில்லை என்பதால்தான். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதுவதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ, அதன் தவணையோடு எழுதச் சோம்பாதீர்கள் என்று அது கட்டளையிடுகிறது. மரண சாசனம் செய்ய வேண்டிய பொருள் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்றும் அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், யாருடைய அமானிதம் நம்மிடம் இருக்கிறது என்பது அந்தப் பக்கத்துக்கு உரியது. வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் சாப்பிட்டு ஓய்ந்தபின், அஸருக்கு முன்பாக, வாரத்தின் ஏழு பக்கங்களையும் அந்தக் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நமக்கு அதற்குரிய தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.